நீலகிரி வீட்டுச் சுவர்களில் நெருங்கிய சிலந்தி இனங்கள்: பரவலைப் பதிவதும் கலப்பைச் சோதிப்பதும் – முழுமையான வழிகாட்டி

மலையில் சிலந்தி பார்க்கக் கிளம்பும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே போனில் நூறு படம் எடுப்பார்கள். அப்புறம் பெயர் தேடுவார்கள். இரண்டு இனத்துக்கும் நடுவில் இருப்பதுபோல ஒன்று கண்ணில் பட்டதும் "இது கலப்பினம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வேலை தலைகீழாக நடக்கிறது. கலப்பு என்பது மற்ற எல்லா விளக்கங்களும் தள்ளுபடியான பிறகு மிஞ்சும் முடிவு. அதைச் சொல்ல முதலில் பரவல் தெரிய வேண்டும். பரவல் தெரிய முதிர்ந்த சிலந்தியை அடையாளம் காணத் தெரிய வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டினால் பின்னால் திரும்பி வரத்தான் வேண்டும்.

1. எந்த ஜோடியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"வீட்டுச் சிலந்திகள்" என்று மொத்தமாக ஆரம்பித்தால் எதுவும் தேறாது. மூலையில் ஒட்டடையோடு தொங்கும் நீளக்கால் சிலந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளி வீடுகளில் நிறையத் தென்படும் குரோசோப்ரைசா லயோனியும், உலகெங்கும் குளிர்ந்த இடத்து வீடுகளில் வாழும் ஃபோல்கஸ் ஃபலாஞ்சியாய்ட்ஸும் பார்க்க ஒரே சாயல்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு பேரினங்கள். அவற்றுக்கு இடையே கலப்பைத் தேடுவது வீண். இவற்றின் பரவலை ஒப்பிடலாம், அதில் தவறில்லை; கலப்பைப் பற்றிய கேள்விக்கு ஒரே பேரினத்து இனங்கள் வேண்டும்.

நான் பரிந்துரைப்பது வீட்டுச் சுவரில் குதித்துத் திரியும் பிளெக்ஸிப்பஸ் பேரினம். பிளெக்ஸிப்பஸ் பேகுல்லி, பிளெக்ஸிப்பஸ் பீட்டர்ஸி என்ற இரண்டும் தென்னிந்தியக் கட்டடங்களில் வாழ்கின்றன. பேகுல்லி ஆண் கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகளோடு பளிச்சென்று இருக்கும். பீட்டர்ஸி ஆண் அவ்வளவு கறுப்பில்லை, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். பெண்கள்தான் சிக்கல்: இரண்டு இனத்துப் பெண்களும் பழுப்பில், நடுவில் வெளிர்ப் பட்டையோடு, அடுத்தடுத்து வைத்தாலும் குழப்பும்.

இந்த ஜோடியைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பகல். இவை வெயிலில் இயங்குபவை. நீலகிரியில் இருட்டிய பிறகு வீடு வீடாகச் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது நல்லதல்ல. குன்னூர், கோத்தகிரித் தெருக்களிலேயே காட்டெருமை நிற்கும், கரடி வரும். கல்லார், குஞ்சப்பனைப் பக்கம் யானை.

பகல் வேலையில் கை பழகிய பிறகு, இரவில் கரப்பான் பூச்சி பிடிக்கும் பெரிய சிலந்திகளுக்குப் போகலாம். உலகின் வெப்ப நாடுகளெங்கும் மனிதரோடு பரவிய ஹெட்டிரோபோடா வெனடோரியா ஒருபுறம். இந்த மலையின் பெயரையே தாங்கி 1901-ல் விலங்கியலாளர் போக்காக் விவரித்த ஹெட்டிரோபோடா நில்கிரினா மறுபுறம். ஊர் சுற்றும் இனமும் மலைக்காரரும் ஒரே பேரினத்தில் இருப்பது நல்ல கேள்வி. ஆனால் அதைத் தொடக்கப் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே பேரினம் என்பதால் மட்டும் இரண்டு இனங்கள் மிக நெருங்கிய உடன்பிறப்புகள் ஆகிவிடா. அந்த உறவை மரபணு வழி வரைந்த வம்சமரம்தான் சொல்லும். குறிப்பேட்டில் "உறவினம்" என்று எழுதுங்கள், "சகோதர இனம்" என்று எழுதாதீர்கள்.

2. நன்றாக ஆராயப்பட்ட ஒரு ஜோடியை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எதை எழுதிவைக்க வேண்டும் என்று தெரியும். இதற்கு பிரிட்டனின் பெரிய வீட்டுச் சிலந்திகள் நல்ல உதாரணம். எராடிஜீனா சேவா அங்கே மேற்கிலும் தென்மேற்கிலும்; எராடிஜீனா டுவெல்லிகா (பழைய ஆவணங்களில் டெகனேரியா ஜைகாண்டியா) கிழக்கிலும் தென்கிழக்கிலும். தெற்கு இங்கிலாந்தில் இரண்டும் சந்திக்கும் எல்லை குறுகியது, கலப்பினங்களும் குறைவு. வடக்கே யார்க்‌ஷயரிலோ இரண்டும் அகலமாகக் கலந்து வாழ்கின்றன, இடைப்பட்ட உருவங்கள் நிறைய.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரே ஜோடி ஓரிடத்தில் கிட்டத்தட்டக் கலக்காமலும் இன்னோரிடத்தில் தாராளமாகக் கலந்தும் வாழ முடியும். எனவே ஒரு சாலையில், ஒரு ஊரில் பார்த்ததை வைத்து "இவை கலக்கும்", "கலக்காது" என்று சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு சந்திப்பு எல்லைகள் வேண்டும்.

பெயர் விஷயத்திலும் பொறுமை வேண்டும். இந்தக் குழுவை 2013-ல் டெகனேரியாவிலிருந்து எராடிஜீனா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றியபோது, சேவாவையும் டுவெல்லிகாவையும் ஐரோப்பாவின் ஏட்ரிகாவோடு சேர்த்து ஒரே இனம் என்றார்கள். 2018-ல் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே உங்கள் பதிவில் பெயரோடு, எந்த அடையாளத்தை வைத்து அந்தப் பெயர் கொடுத்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும். நாளை பெயர் மாறினாலும் பதிவு செல்லும்.

3. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாக்கள், மென்மையான ஓவியத் தூரிகை, போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், பென்சில், கெட்டித் தாள், சுவர் வெப்பம் பார்க்க ஒரு வெப்பமானி. பின்னால் நுண்ணிய உறுப்புகளைப் பார்க்க ஸ்டீரியோ நுண்ணோக்கி தேவைப்படும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் கேட்டுப் பாருங்கள்.

பாதுகாக்கும் திரவத்தைக் கடைசி நிமிடத்தில் தேடாதீர்கள். எத்தனால் நினைத்த கடையில் கிடைக்காது, ஆய்வகம் வழியாக வாங்க நாளாகும். உடலமைப்பு பார்க்க மட்டும் என்றால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், உடல் கொஞ்சம் விறைக்கும் அவ்வளவுதான். டி.என்.ஏ.வுக்கு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால்தான் வேண்டும். கை கழுவும் சானிடைசரை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கிளிசரின் சேர்ந்திருக்கும், மாதிரி பிசுபிசுத்துப் போகும்.

சீட்டைப் பென்சிலால் எழுதி, குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு ஊட்டி ஈரத்தில் உரிந்துவிடும். இடமும் தேதியும் உயரமும் இல்லாத சிலந்தி, பரவல் ஆய்வுக்கு ஒன்றுமில்லாத சிலந்தி.

அனுமதி: வீட்டுக்குள் பார்க்க வீட்டுக்காரர் சம்மதம் போதும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் எதையும் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். முதுமலைப் பக்கம் இதில் விளையாட்டே வேண்டாம்.

4. உயர ஏணி ஒன்றை அமையுங்கள்

நீலகிரி இந்த வேலைக்குக் கிடைத்த வரம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். குன்னூர் ரயில் நிலையம் சுமார் 1,710. ஊட்டி நிலையம் சுமார் 2,200. சில மணி நேரப் பயணத்தில் சமவெளி வெக்கையிலிருந்து ஜனவரி உறைபனி வரை போய்விடலாம். 300 மீட்டருக்கு ஒரு படியாக ஏழு படிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் சாலையை மட்டும் நம்பாதீர்கள். கல்லாருக்கு மேலே காடும் கொண்டை ஊசி வளைவும்தான், பர்லியாரைத் தவிர்த்தால் வீடுகள் சொற்பம். நடுப் படிகளுக்குக் கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனை, அரவேனு பக்கம் வீடுகள் கிடைக்கும். மேல் படிகளுக்கு அரவங்காடு, கேத்தி, லவ்டேல்.

போன் காட்டும் உயரத்தை அப்படியே எழுத வேண்டாம். பள்ளத்தாக்கில் அது பல பத்து மீட்டர் பிசகும். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அங்கே நின்று உங்கள் போன் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். இங்கே உயரமும் சாலையும் பின்னிக் கிடக்கின்றன. கேரட், உருளை ஏற்றிக்கொண்டு லாரிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. மளிகையும் சிமென்ட்டும் அட்டைப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு மேலே வருகின்றன. சிலந்தியும் கூடவே பயணம் செய்யும். சாலையோர வீடுகளை மட்டும் பார்த்தால் நீங்கள் வரைவது சரக்குப் போக்குவரத்தின் வரைபடம். சிலந்தியின் குளிர் எல்லை அதில் தெரியாது. எனவே ஒவ்வொரு படியிலும் பாதி வீடுகள் சாலையோரமாகவும், பாதி உள்ளே தள்ளிய ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) லைன்களிலும் இருக்கட்டும்.

அதே காரணத்துக்காக இரண்டாவது சரிவு ஒன்றும் வேண்டும். மேற்கே கூடலூர்ச் சரிவு தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குவது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. மசினகுடிப் பக்கம் மழை மறைவுப் பகுதி. ஒரு இனத்தின் மேல் எல்லை எல்லாச் சரிவிலும் ஒரே உயரத்தில் நின்றால் வெப்பநிலையைச் சந்தேகிக்கலாம். சரிவுக்குச் சரிவு மாறினால் ஈரமோ, சாலையோ, அந்த இனம் எப்போது வந்து சேர்ந்தது என்பதோ காரணமாக இருக்கும். ஒரு சரிவை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது.

5. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி தேடுங்கள். "இல்லை" என்பதையும் எழுதுங்கள்

ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் எல்லா வீட்டிலும் இருபது நிமிடம்தான். சிலந்தி கிடைத்த வீட்டில் உற்சாகமாக ஒரு மணி நேரம் தேடினால் ஒப்பீடு போய்விடும். வெயில் படும் வெளிச்சுவர், ஜன்னல் சட்டம், கதவு நிலை, காலண்டருக்குப் பின்பக்கம், அடுக்கிய விறகு, தகரக் கூரை விளிம்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

மூடுபனி இறங்கிய நேரத்தில் குதிக்கும் சிலந்திகள் விரிசலுக்குள் நூல் கூடு கட்டி ஒடுங்கிவிடும். அப்போது ஒன்றும் தெரியவில்லை என்றால் அது "இல்லை" ஆகாது. வெயில், பனி, மழை, சுவர் வெப்பம் நான்கையும் குறியுங்கள். விறகடுப்பு எரியும் வீடா, கேஸ் அடுப்பா என்பதும் ஒரு கட்டமாக இருக்கட்டும். கேத்தியில் ஜனவரி இரவில் வெளியே பல் கிட்டும், விறகடுப்புச் சமையலறைச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சுவரில் வாழும் சிலந்திக்கு 2,000 மீட்டர் என்ற எண் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை.

போகிக்கு முந்தைய நாட்களைத் தவிருங்கள். ஒட்டடை அடித்து வெள்ளையும் அடித்த வீட்டில் என்ன கிடைக்கும்?

எத்தனை வீடு பார்க்க வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. ஒரு இனம் பத்தில் ஒரு வீட்டில்தான் இருக்கிறது என்று வையுங்கள். பத்து வீடு பார்த்தும் அது கண்ணில் படாமல் போக 35 சதவீத வாய்ப்பு. முப்பது வீடு பார்த்தால் அது 4 சதவீதமாக இறங்கும். அதாவது பத்து வீடு பார்த்துவிட்டு "குன்னூரில் இந்த இனம் கிடையாது" என்று எழுதுவது மூன்றில் ஒரு பங்கு சூதாட்டம். எல்லைக்கு அருகே உள்ள படிகளில் முப்பது வீடாவது பாருங்கள். எல்லையிலிருந்து தள்ளிய படிகளில் பத்து போதும்.

வீட்டுக்காரர்களிடம் பேசும் விதம்: "அக்கா, சுவத்துல இருக்கற எட்டுக்கால் பூச்சியக் கணக்கெடுக்கறோம், மருந்து எதுவும் அடிக்க மாட்டோம், இருபது நிமிஷம்" என்றால் பெரும்பாலும் டீயோடு அனுமதி கிடைக்கும். உடனே ஒரு கேள்வியும் வரும்: எட்டுக்கால் பூச்சி மூத்திரம் விட்டால் கொப்புளம் வருமே? அப்படி எரிந்து கொப்பளிப்பது பல நேரம் பெடரஸ் என்ற சிறு வண்டைத் தோலில் நசுக்குவதால். சில நேரம் அது அக்கி, அதற்கு டாக்டரிடம் போக வேண்டும். பொறுமையாகச் சொன்னால் கேட்பார்கள், அடுத்த முறை சிலந்தியை விளக்குமாற்றால் அடிக்காமல் டப்பாவில் பிடித்தும் வைப்பார்கள்.

6. முதிர்ந்ததா என்று பாருங்கள், பிறகுதான் பெயர்

சிலந்தி கடைசித் தோலை உரித்த பிறகுதான் இனப்பெருக்க உறுப்பு முழுமையாகும். அதற்கு முன் இனத்தை உறுதியாகச் சொல்ல வழியில்லை. புதியவர்கள் செய்யும் "கலப்பின" அறிவிப்புகளில் பெரும்பாலானவை இந்தப் படியிலேயே கரைந்துவிடும்.

வாய்க்கு இருபக்கமும் இருக்கும் குட்டைக் கைகளைப் பாருங்கள், அவைதான் பால்ப். பெண்ணில் நுனி வரை ஒல்லி. முதிர்ந்த ஆணில் நுனி தடித்து, அடியில் திருகலும் முள்ளுமாகச் சிக்கலான உறுப்பு தெரியும். முதிராத ஆணிலும் நுனி வீங்கித்தான் இருக்கும், ஆனால் குத்துச்சண்டைக் கையுறைபோல வழவழவென்று, எந்த அமைப்பும் இல்லாமல். அந்த ஆணின் நிறமும் பெண்ணுக்கும் ஆணுக்கும் நடுவில்தான் இருக்கும். கறுப்பு முழுதாக ஏறாத பேகுல்லி இளம் ஆணைப் பார்த்து "பாதி பீட்டர்ஸி" என்று சொல்வது இப்படித்தான் நடக்கிறது.

பெண்ணில் வயிற்றின் அடிப்பக்கம், முன்பகுதியில் கடினமான சிறு தகடு தெரிந்தால் முதிர்ந்தது. அதன் பெயர் எபிஜைன். மங்கலாக நிழல் மட்டும் தெரிந்தால் இன்னும் ஒரு தோல் உரிப்பு பாக்கி.

முதிராதவற்றையும் எண்ணுங்கள், ஆனால் "பிளெக்ஸிப்பஸ், இளம்" என்று தனிக் கட்டத்தில். அவற்றைப் பக்கத்து வீட்டில் கிடைத்த இனத்தின் கணக்கில் சேர்ப்பது வரைபடத்தை நீங்களே உருவாக்குவதற்குச் சமம்.

இதே படியில் வேற்றாட்களையும் கழித்துவிடுங்கள். சுவரோடு சுவராகத் தட்டையாக, சாம்பல் நிறத்தில் நகர்வது மெனிமெரஸ். கறுப்பு உடலில் வெள்ளைப் பிறைகளும் வெள்ளைப் பால்ப்புமாக இருப்பது ஹசாரியஸ் அடன்சோனி ஆண். இதைப் பேகுல்லி என்று குறித்த பட்டியல்கள் நிறைய உண்டு.

7. இனப்பெருக்க உறுப்பைப் பார்க்கும் முறை

முதலில் உயிரோடு படம். ஆல்கஹாலில் போட்ட பிறகு நிறம் வெளுக்கும், திரும்ப வராது. மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று.

அடிப்பக்கத்தை உயிரோடு பார்க்க எளிய வழி இருக்கிறது. டப்பாவின் வாயில் சமையலறைப் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே மென்மையான பஞ்சு நுரை, அதன் மேல் சிலந்தி. நுரையைக் கீழிருந்து மெல்லத் தள்ளினால் சிலந்தி தாளோடு ஒட்டி அசையாமல் நிற்கும். வயிறு தாள் பக்கம் திரும்பும்படி டப்பாவைச் சாய்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்ததும் தளர்த்திவிடுங்கள். அழுத்தம் விரலால் உணரும் அளவுக்குப் போனால் அதிகம்.

பெண்ணின் எபிஜைனை மேலோட்டமாகப் பார்ப்பது பல நேரம் போதாது. உள்ளே விந்து சேமிக்கும் பைகளும் அவற்றுக்குப் போகும் குழாய்களும் எப்படி வளைகின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கும். பாதுகாத்த மாதிரியிலிருந்து அந்தத் தகட்டை மட்டும் வெட்டி எடுத்து, கிராம்புத் தைலத்தில் போட்டு வைத்தால் சதை தெளிந்து உள்ளமைப்பு தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கும் தைலமே போதும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேகமாக வேலை செய்யும், ஆனால் கவனம் தப்பினால் மென்மையான குழாய்களையும் கரைத்துவிடும். ஆய்வகத்தில், சொல்லித்தர ஆள் இருக்கும்போது மட்டும்.

வரைந்து பழகுங்கள். கேமரா எல்லாவற்றையும் எடுக்கும். கை வரையும்போதுதான் வளைவு எங்கே தொடங்குகிறது என்று கண் தேடும். பிறகு பெர்ன் அருங்காட்சியகம் இணையத்தில் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலில் இன்றைக்குச் செல்லும் பெயரைச் சரிபாருங்கள்.

8. அளவெடுங்கள்

தலைமார்பு மேலோட்டின் அகலம், முதல் காலின் டிபியா என்ற கணுவின் நீளம், ஆணில் பால்ப் நீளம். இவை மூன்றும் கடைசித் தோல் உரித்த பிறகு மாறாதவை. வயிற்றை அளக்காதீர்கள்; சாப்பிட்ட சிலந்திக்கும் பட்டினிச் சிலந்திக்கும் அது இரு மடங்கு வேறுபடும்.

இழந்த காலைச் சிலந்தி தோல் உரிக்கும்போது மறுபடி வளர்த்துக்கொள்ளும், ஆனால் குட்டையாக. இரண்டு பக்கமும் அளந்து, சமமாக இல்லாவிட்டால் அந்தக் காலை விடுங்கள்.

ஒரே சிலந்தியை வேறு நாளில், பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், இரு இனங்களுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அருகில் வந்தால் அந்த அளவு உபயோகமில்லை.

9. வரைபடத்தில் போட்டுப் படியுங்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு குறிகளில் ஒன்று: முதல் இனம் மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும், எதுவுமில்லை. உயரத்தை ஒரு அச்சிலும் வீடுகளின் பங்கை இன்னொரு அச்சிலும் வைத்துச் சரிவுக்கு ஒரு படம்.

ஒரு இனம் சட்டென்று முடிந்து அடுத்தது தொடங்கினால், இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றனவா என்று யோசிக்கலாம். அதற்கு முன் அந்த உயரத்தில் வீட்டின் வகை மாறுகிறதா என்று பாருங்கள். ஓட்டு வீடுகள் முடிந்து தகரக் கூரை லைன்கள் தொடங்கும் இடமாக அது இருக்கக்கூடும். இரண்டும் நீளமாக மேல்கீழாகக் கலந்து கிடந்தால், அந்தக் கலந்த பகுதியில்தான் அடுத்த படிக்கான மாதிரிகளை எடுக்க வேண்டும். இரண்டும் எங்குமே சந்திக்கவில்லை என்றால் கலப்பு பற்றிய கேள்வி இப்போதைக்கு முடிந்தது; 10-ஆம் படியை விட்டுவிடலாம்.

ஒப்பீட்டுக்கு, ஒரு இனம் மட்டுமே வாழும் இடத்திலிருந்தும் மாதிரிகள் கட்டாயம் வேண்டும். தூய பேகுல்லி எவ்வளவு மாறுபடும் என்று தெரியாமல், எல்லையில் கிடைத்தது அந்த அளவைத் தாண்டியதா என்று எப்படிச் சொல்வது? இதை விட்டவர்களின் உழைப்பு முழுவதும் கடைசியில் "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது.

10. "இடைப்பட்டது" கிடைத்தால் கழித்தல் வரிசை

முதல் கேள்வி: முதிர்ந்ததா? இல்லையென்றால் வளர்த்துப் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இரண்டாவது: எபிஜைன் சுத்தமாக இருக்கிறதா? சில சிலந்திகளில் இணைசேர்ந்த பிறகு ஒரு பசை அடைப்பு துளையை மூடிவிடும், ஆணின் உறுப்பு நுனி ஒடிந்து உள்ளே சிக்கியும் நிற்கலாம். மேலிருந்து பார்த்தால் வடிவமே வேறாகத் தெரியும். நுண்ணோக்கியின் கீழ் நுண்ணூசியால் அதை விலக்கிவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது: ஒட்டுண்ணியா, காயமா? வயிற்றுக்குள் புழு வளரும் சிலந்தியில் உறுப்புகள் சரியாக உருவாகாமல் போகலாம்.

நான்காவது: தூய இடத்து மாதிரிகளின் வீச்சுக்குள் வருகிறதா? வந்தால் அது அந்த இனமே. அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம்.

ஐந்தாவது: நாம் நினைக்காத மூன்றாவது இனமா? மலையில் இதை எப்போதும் மனதில் வையுங்கள்.

இத்தனையும் தாண்டியும், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் நடுவாக நின்று, அதுவும் இரண்டு இனமும் சேர்ந்து வாழும் வீடுகளில் மட்டும் கிடைத்தால், அப்போது "கலப்பினமாக இருக்க வாய்ப்பு" என்று எழுதலாம். அந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் பரவல் வரைபடம் முதலில் தேவைப்பட்டது. ஒரு இனம் மட்டுமே வாழும் மேட்டுப்பாளையம் தெருவிலும் அதே இடைப்பட்ட உருவம் கிடைக்கிறதென்றால், அதைக் கலப்பால் விளக்க முடியாது.

11. டி.என்.ஏ. பார்க்கக் கிடைத்தால்

சிலந்தியைக் கொல்ல வேண்டியதில்லை, ஒரு கால் போதும். ஒரு கால் இல்லாமலும் அது வேட்டையாடும். காலை எத்தனாலில் இட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், சிலந்தியின் எண்ணையே காலுக்கும் கொடுங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது "பார்கோடு" சோதனை. அது பார்ப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவின் சுமார் 650 எழுத்துகளை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வரும். பேகுல்லித் தாய்க்கும் பீட்டர்ஸித் தந்தைக்கும் ஒரு குஞ்சு பிறந்தால், பார்கோடு "பேகுல்லி" என்று சாதாரணமாகச் சொல்லிவிடும். ஆகவே பார்கோடு மட்டும் வைத்துக் கலப்பை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக் குறியீடுகளும் சேர வேண்டும். பிரிட்டனின் வீட்டுச் சிலந்திகளில் மைக்ரோசாட்டலைட் எனும் உட்கருக் குறியீடுகளைப் பயன்படுத்தியது இதற்காகத்தான்.

உடல் ஒரு இனமாகவும் பார்கோடு இன்னொரு இனமாகவும் வந்தால் அது சுவாரசியமான முடிவு. பழைய காலத்தில் எப்போதோ நடந்த கலப்பின் எச்சமாக இருக்கலாம். குப்பி மாறிப் போயிருக்கவும் கூடும்; முதலில் அதைச் சரிபாருங்கள்.

12. வளர்த்துச் சோதிப்பது

இரண்டு இனத்தையும் ஒரு டப்பாவில் விட்டுப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சிலந்திப் பெண் விந்தைச் சேமித்து வைக்கும். சுவரில் பிடித்த முதிர்ந்த பெண் ஏற்கெனவே தன் இனத்தோடு சேர்ந்திருக்கும். வாரக்கணக்கில் கழித்தும் அந்த விந்தைக் கொண்டு முட்டை இடும். நீங்கள் அதைக் கலப்புக் குஞ்சு என்று கொண்டாடிக்கொண்டிருப்பீர்கள். எனவே பெண்ணை முதிராத நிலையில் பிடித்து, தனியாக வளர்த்து, கடைசித் தோல் உரித்த தேதியைக் குறித்த பிறகுதான் ஆணை அறிமுகம் செய்ய வேண்டும். உரித்த தோலையும் எறியாமல் வையுங்கள்.

கலப்பு ஜோடிகளோடு ஒரே இன ஜோடிகளையும் அதே டப்பா, அதே வெப்பம், அதே தீனியில் வைத்துப் பாருங்கள். அப்படி வைக்காமல் "இவை இணைசேரவில்லை" என்றால், இனம் வேறு என்பதாலா, டப்பா பிடிக்கவில்லை என்பதாலா என்று தெரியாது. குதிக்கும் சிலந்திகளில் ஆண் கால் தூக்கி ஆடிக் காட்டும். பெண் அந்த ஆட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறதா, பாய்ந்து தாக்குகிறதா என்பதை வீடியோவில் எடுங்கள். கலப்பைத் தடுப்பது அந்த ஆட்டமாக இருந்தால் அது அங்கேயே தெரியும்.

குஞ்சு பொரித்தால் வளர்த்து, ஆண், பெண் எனத் தனித்தனியாக எண்ணிவாருங்கள். மரபியலாளர் ஹால்டேன் 1922-ல் சொன்ன விதிப்படி, கலப்பில் ஒரு பால் மட்டும் குறைந்தாலோ மலடானாலோ அது இருவேறு பால் குரோமோசோம் அமைப்புள்ள பாலாக இருக்கும். சிலந்திகளில் அது ஆண். பெரும்பாலான இனங்களில் பெண்ணைவிட ஆணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் குறைவு. ஆகவே பெண் குஞ்சுகள் தேறி ஆண் குஞ்சுகள் தேறாமல் போனால் அதைத் தனியாக எழுதுங்கள், "சில செத்துப்போயின" என்று மொத்தமாக முடிக்காதீர்கள்.

வளர்த்த கலப்புக் குஞ்சுகளை வெளியே விடக் கூடாது, அது நீங்கள் அளந்துகொண்டிருக்கும் எல்லையையே கெடுக்கும். சுவரில் பிடித்ததை மட்டும், பிடித்த அதே வீட்டுச் சுவரில் திரும்ப விடலாம். மேட்டுப்பாளையத்தில் பிடித்ததை ஊட்டி விடுதி ஜன்னலில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆல்கஹாலில் வைத்தவற்றைச் சீட்டு, படம், அளவு மூன்றோடும் ஒரு கல்லூரி அல்லது அருங்காட்சியகச் சேகரிப்பில் சேர்த்துவிட்டு, அவர்கள் கொடுக்கும் பதிவு எண்ணை உங்கள் அட்டவணையில் கடைசிக் கட்டமாக எழுதிக்கொள்ளுங்கள்.